கொரிந்தியன் லெதரும் கோவை வாசகரும்

கேள்வி: சில மாதங்களாக யூடியூபில் 1970-களின் அமெரிக்கக் கார் விளம்பரங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். லிங்கன், கேடிலாக், கிரைஸ்லர்... ஒவ்வொன்றும் கப்பல்! எல்லாம் அசல் இரும்பு. இடித்தால் இடித்தவன்தான் நொறுங்குவான். விளம்பரத்திலும் என்ன ஒரு கண்ணியம், என்ன ஒரு குரல்! இன்றைக்கு வரும் கார்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக் டப்பாக்கள். அந்தத் தரமெல்லாம் எங்கே போயிற்று, ஆசிரியரே?

வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் அந்தக் குரலைப் பார்ப்போம். ரிகார்டோ மொண்டல்பானைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மெக்சிகோவில் பிறந்த நடிகர். 1975 மாடல் கிரைஸ்லர் கோர்டோபா காருக்காகத் தொலைக்காட்சியில் வந்து, அதன் இருக்கைகளுக்குப் போட்ட மென்மையான 'கொரிந்தியன் லெதர்' பற்றிப் பேசுவார். அந்த இரண்டு வார்த்தைகளை அவர் உச்சரிக்கும் விதத்துக்காகவே கார் வாங்கலாம் போலிருக்கும். வாங்கவும் செய்தார்கள். முதல் ஆண்டிலேயே ஒன்றரை லட்சம் கார்கள் போயின.

கொரிந்தியன் லெதர் என்று ஒரு தோல் இந்த உலகத்தில் கிடையாது. விளம்பரக் கம்பெனிக்காரர்கள் உட்கார்ந்து யோசித்து வைத்த பெயர் அது. தோல் பெரும்பாலும் நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவார்க்கிலிருந்து வந்தது. பிற்பாடு தொலைக்காட்சித் தொகுப்பாளர் டேவிட் லெட்டர்மேனின் நிகழ்ச்சியில் இதைப் பற்றிக் கேட்டபோது, அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று மொண்டல்பானே சொல்லிவிட்டார். ஸ்பெயின் நாட்டு நகரத்தின் பெயரைக் காருக்கு வைத்து, கிரேக்க நகரத்தின் பெயரைத் தோலுக்கு வைத்து, கனடாவின் விண்ட்சரில் தயாரித்து, மெக்சிகோக்காரர் குரலில் விற்ற அமெரிக்கக் கார் அது. இன்னொன்று, கம்பெனி அதைப் 'புதிய சிறிய கிரைஸ்லர்' என்றுதான் விளம்பரம் செய்தது. சிறிய காரின் நீளம் 5.4 மீட்டருக்கு மேல்!

நீங்கள் பார்த்த விளம்பரங்களை இன்னொரு முறை ஓடவிட்டு, அவற்றில் எஞ்சினைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். பெரும்பாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தோல், வெல்வெட் போன்ற துணி, பின்பக்கம் ஒரு சின்ன நீள்வட்டக் கண்ணாடி ஜன்னல், கூரையில் வினைல். லிங்கன் 1976-லிருந்து கார்ட்டியே, கிவான்ஷி, புச்சி, பில் பிளாஸ் என்று நகைக்கடை, தையற்கலைஞர் பெயர்களிலேயே கார் விற்றது. காரில் கடிகாரம் யார் செய்தது என்பது ஒரு செய்தி. கார் எப்படி நிற்கும், எப்படித் திரும்பும் என்பது செய்தியே இல்லை.

இதற்குக் காரணம் இருந்தது. கேடிலாக் எல்டொராடோவின் 8.2 லிட்டர் வி8 எஞ்சின் 1970-ல் 400 குதிரைத்திறன் என்று பெருமையாக அச்சிடப்பட்டது. 1976-ல் அதே அளவு எஞ்சினுக்கு 190. நடுவில் 1972-ல் அளக்கும் முறையே மாறிவிட்டது என்பது உண்மை. எஞ்சினைத் தனியாக மேடையில் வைத்து அளந்த கணக்கை விட்டுவிட்டு, காரில் இருக்கிறபடி எல்லாத் துணைக் கருவிகளோடும் அளக்க ஆரம்பித்தார்கள். ஆனால் புது அளவையிலும் 1972-ல் 235 இருந்தது 190-க்கு இறங்கியது. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களுக்கு ஈடுகொடுக்க, கம்பெனிகள் அவசரத்தில் எஞ்சினின் கழுத்தை நெரித்தன. இன்றைக்கு 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் 160 குதிரைத்திறன் தருகிறது. நீங்கள் சொல்லும் கப்பலுக்கு 8.2 லிட்டர் தேவைப்பட்டது, இரண்டு டன்னுக்கு மேல் எடையை இழுக்க. பானட்டைத் திறந்து காட்ட வெட்கமாக இருந்த காலத்தில் கதவைத் திறந்து காட்டினார்கள். அதுதான் உங்களுக்குக் கண்ணியமாகத் தெரிகிறது.

சரி, எல்லாமே பொய்யா என்றால், இல்லை. ஒரு விஷயத்தில் அந்தக் கார்கள் சொன்னதைச் செய்தன. மெர்க்குரி மார்க்விஸ் கார் விளம்பரம் ஒன்று உண்டு. பின்சீட்டில் வைரம் பட்டை தீட்டுபவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கார் மேடு பள்ளத்தில் போய்க்கொண்டே இருக்கும். அவர் உளியை வைத்துக் கல்லைப் பிளப்பார். கல் சரியாகப் பிளக்கும். கொஞ்ச நாளில் சாட்டர்டே நைட் லைவ் என்ற நகைச்சுவை நிகழ்ச்சி இதைக் கிண்டலடித்தது. அவர்கள் காரில் வைரத்துக்குப் பதில் ஒரு பச்சைக் குழந்தை. பின்சீட்டில் யூத மதகுரு ஓடும் காரிலேயே சுன்னத் செய்கிறார். கிண்டல் அடிக்கிற அளவுக்கு அந்த விளம்பரம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காரும் உண்மையில் அப்படித்தான் மிதந்தது. நீளமான வீல்பேஸ், கனம், தளர்ந்த ஸ்பிரிங், சோபா மாதிரி சீட்டு. நேரான நெடுஞ்சாலையில் நாள் முழுக்க உட்கார்ந்து போகலாம். வளைவு வந்தால்தான் கார் சாயும், உங்கள் பக்கத்தில் இருப்பவர் உங்கள் மேல் சாய்வார். இடுப்புக்குப் பிடிப்பே இல்லாத சீட்டு. அமெரிக்காவின் சாலைகளுக்கு அது ஒத்துவந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த 'அசல் இரும்பு'. இதில் உங்களை விடமாட்டேன். நீங்கள் விளம்பரம் பார்க்கிற அதே யூடியூபில் இன்னொரு காட்சியும் இருக்கிறது. நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் அமைப்பு, தன் ஐம்பதாவது ஆண்டை முன்னிட்டு 2009-ல் ஒரு சோதனை செய்தது. 1959 ஷெவர்லே பெல் ஏர் ஒன்றும் 2009 ஷெவர்லே மாலிபு ஒன்றும், மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், முகப்பின் ஒரு பாதி மோதும்படி நேருக்கு நேர். நீங்கள் சொல்லும் 'பிளாஸ்டிக் டப்பா'வின் ஓட்டுநர் பொம்மைக்குக் காலில் அடிபடலாம் என்ற அளவில் முடிந்தது. இரும்புக் காரின் கூண்டு உள்ளே மடங்கி, ஸ்டீயரிங் பின்னால் வந்து, ஓட்டுநர் உயிரோடு இருந்திருக்க வாய்ப்பில்லை என்றானது. இரும்பு வளையாமல் இருந்தால் அடி எங்கே போகும்? உள்ளே இருப்பவருக்குத்தான். முன்பக்கம் கசங்கி அடியை வாங்கிக்கொள்ளும்படி கட்ட வேண்டும் என்பதையே, அமெரிக்கக் கார் கம்பெனிகளின் ஊரான அன்றைய டெட்ராயிட் பொருட்படுத்தவில்லை. 1972-ல் அமெரிக்கச் சாலைகளில் இறந்தவர்கள் 54,000-க்கு மேல். எந்தக் குரலும் இதைத் தொலைக்காட்சியில் சொல்லவில்லை.

'எல்லாம் ஒரே அச்சு' என்கிறீர்கள். இந்தக் குறையை 1985-லேயே லிங்கன் கம்பெனி காசு கொடுத்து விளம்பரத்தில் சொன்னது. ஆடம்பரமான இடம் ஒன்றின் வாசல். கார் எடுத்துவரும் பையன்கள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். தங்கள் கேடிலாக் எது, ப்யூக் எது, ஓல்ட்ஸ்மொபைல் எது என்று சொந்தக்காரர்களுக்கே குழப்பம். லிங்கன் டவுன் கார் மட்டும் தனியாகத் தெரிகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் அந்த வருஷம் தன் பெரிய கார்கள் பலவற்றைச் சுருக்கி, மூன்று பிராண்டுக்கும் ஏறக்குறைய ஒரே முகத்தைக் கொடுத்திருந்தது. ஆக நியாயமான கேலிதான். ஆனால் கேலி செய்தவர் யார்? லிங்கன் ஃபோர்டுக்குச் சொந்தம். அதே ஃபோர்டு பத்து வருஷம் முன்னால் தன் கிரானடா காரை மெர்சிடிஸ் பென்ஸ் பக்கத்தில் நிறுத்தி, பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இல்லையா என்று விளம்பரம் செய்தது. 1977-ல் அந்தக் கிரானடாவுக்கே தோல் போட்டு, முகப்பு மாற்றி, லிங்கன் வெர்சாய் என்று பெயர் வைத்து இரண்டு மடங்குக்கு மேல் விலை சொன்னது. வேண்டும்போது ஒற்றுமை, வேண்டாதபோது வேற்றுமை. நீங்கள் இன்று எழுதியிருப்பது உங்கள் சொந்தக் கருத்து என்று நினைக்கிறீர்கள். விளம்பரம் இன்னும் வேலை செய்கிறது என்கிறேன் நான்.

தரம் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு நேரான பதில்: 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பெட்ரோல் பங்கில் வரிசை. 1975-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 1985-க்குள் புதுக் கார்களின் சராசரி காலனுக்கு 27.5 மைல் வர வேண்டும். லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, நமக்கு இது சிரிப்பாக இருக்கலாம். அதில் பாதியைக் கூடத் தொடாத கார்களை வைத்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1977-ல் தன் பெரிய கார்களை ஏறக்குறைய ஓர் அடி குறைத்தது, நூற்றுக்கணக்கான கிலோ இளைக்க வைத்தது. உள்ளே இடம் குறையவில்லை. அதுவரை அந்த ஓர் அடி எதற்கு இருந்தது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். லிங்கன் மட்டும் பிடிவாதமாக 1979 வரை மார்க் 5-ஐ விற்றது, 5.8 மீட்டர் நீளம், அதில் கணிசமான பங்கு பானட். கிரைஸ்லருக்கு அந்த வசதியும் இல்லை. கொரிந்தியன் லெதர் விற்ற கம்பெனி நான்கைந்து வருஷத்தில் திவாலாகும் நிலைக்கு வந்து, 150 கோடி டாலர் கடனுக்கு அரசாங்க உத்தரவாதம் கேட்டு வாஷிங்டனில் நின்றது.

கடைசியாக ஒன்று. இந்த ஏக்கம் உங்களுடைய கண்டுபிடிப்பு இல்லை. கார்கள் புதிதாக விற்றபோதே அதையும் சேர்த்துத்தான் விற்றார்கள். 1976-ல் அமெரிக்காவில் திறந்த கூரைக் கார்கள் அருகிவிட்டன. விற்பனை விழுந்திருந்தது, கார் உருண்டால் ஆள் பிழைக்க வேண்டும் என்று அரசு சட்டம் கொண்டுவரும் என்ற பயமும் இருந்தது. கேடிலாக் தன் எல்டொராடோவைக் கடைசி அமெரிக்க கன்வர்ட்டிபிள் என்று அறிவித்தது. 14,000 கார்கள். அதிலும் கடைசி 200 எல்லாம் ஒரே மாதிரி, வெள்ளை வண்ணத்தில், சிவப்பு நீலக் கோடு போட்டு. பட்டியல் விலை 11,000 டாலர் சொச்சம். கைமாறிய விலை அதைவிட மேலே போனது. பலர் ஓட்டவே இல்லை, துணி போட்டு மூடி வைத்துவிட்டார்கள், நாளை விலை ஏறும் என்று.

எட்டு வருஷம் கழித்து, 1984 மாடலில், கேடிலாக் மறுபடி எல்டொராடோ கன்வர்ட்டிபிளைக் கொண்டுவந்தது. 1976-ல் வாங்கியவர்களில் சிலர் வழக்குப் போட்டார்கள். கார் சரியில்லை என்பது அவர்கள் புகார் இல்லை. கடைசி என்று சொல்லி விற்றீர்களே என்பதுதான் புகார்.