வாசகர் கேள்வி-பதில்: பந்து யார் கையில்?

கே: கனடாவில் ஹாமில்டன் நகரில் என் பேத்தி படிக்கும் பள்ளிக்கு 'பெர்னி கஸ்டிஸ்' என்று பெயர். அவர் கறுப்பின ஃபுட்பால் வீரராம். நம் ஊர்க் கால்பந்துதானா அது?
- வாசகி ஒருவர், குளச்சல்

ப: இல்லை. தூத்தூர், சின்னத்துறைப் பிள்ளைகள் காலால் உதைத்து ஆடுவது வேறு. இதில் இரு முனையும் கூம்பிய பந்தைக் கையில் பிடித்து ஓடுவார்கள், எறிவார்கள். குவார்ட்டர்பேக் என்பவர் கைக்குத்தான் பந்து முதலில் வரும். யாருக்கு எறிவது, யாரை ஓடவிடுவது என்று கணப்பொழுதில் முடிவெடுப்பவர் அவர். பத்துப் பேருக்கு மேல் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிற்க வேண்டும். அமெரிக்க அணிகள் அந்த இடத்தைத்தான் கறுப்பினத்தவருக்குத் தர மறுத்தன.

கஸ்டிஸ் சிராக்கியூஸ் பல்கலைக்கழக அணியின் குவார்ட்டர்பேக். 1951-இல் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது, ஆனால் தடுப்பாட்டக்காரராக. அவர் எல்லை தாண்டி ஹாமில்டன் டைகர்-கேட்ஸ் அணிக்குப் போனார். அந்த ஆகஸ்ட் 29 அன்று மாண்ட்ரியலுக்கு எதிராகக் குவார்ட்டர்பேக்காகக் களமிறங்கினார். அந்தப் பருவத்தின் நட்சத்திர வீரர் பட்டியலிலும் இடம்பிடித்தார்.

கனடாவைப் புகழ்ந்து தள்ளும் முன் அடுத்த ஆண்டையும் பாருங்கள். அப்படி ஆடியவரையே 1952-இல் பந்தைத் தூக்கி ஓடும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். 1953-இல் அணி, கனடா ஃபுட்பாலின் உச்சப் பரிசான கிரே கோப்பையை வென்றபோது அவர் ஓட்டக்காரர்தான். பிறகு ஆசிரியர், தலைமையாசிரியர், பயிற்சியாளர் என்று அந்தப் பக்கத்திலேயே தங்கிவிட்டார். 2017-இல் காலமானார். பள்ளிக்குப் பெயர் வைத்தது அதற்குப் பிறகு.

கே: கனடாவில் ஃபுட்பால் ஆடிய முதல் கறுப்பின வீரர் கஸ்டிஸ்தானா?
- தக்கலை வாசகர்

ப: அல்ல. 1946-லேயே மாண்ட்ரியல் அலவெட்ஸ் அணி ஹெர்ப் டிராவிக்கைச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு அதே நகரில் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தார், பின்னர் அமெரிக்க பேஸ்பாலின் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன். டிராவிக் முன்வரிசையில் மோதும் ஆள். 1949-இல் கிரே கோப்பை வென்ற அணியிலும் இருந்தார்.

கே: கனடா ஆட்டத்தில் மூன்றே வாய்ப்பு என்கிறார்களே, அதனால் என்ன வித்தியாசம்?
- செவன்ஸ் ஆடும் வாசகர், சின்னத்துறை

ப: நிறைய. பத்து கெஜம் முன்னேற அமெரிக்காவில் நான்கு முயற்சி, கனடாவில் மூன்று. மூன்றாவதும் தவறினால் நின்ற இடத்திலேயே பந்து எதிரணிக்குப் போய்விடும் என்பதால், பெரும்பாலும் அதைத் தூர உதைத்துவிடுவார்கள். ஆக, கையில் மிஞ்சுவது இரண்டு. முதல் ஓட்டத்தில் இரண்டு கெஜம்தான் கிடைத்தது என்றால் அடுத்து எறிந்தே ஆக வேண்டும். கஸ்டிஸ் ஆடிய மைதானம் 110 கெஜ நீளம், 65 கெஜ அகலம்; அமெரிக்க மைதானத்தின் அகலம் 53 சொச்சம்தான். பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர். அங்கே நின்ற இடத்திலிருந்தே எறிபவரைவிட, விலகி ஓடிக்கொண்டே எறியத் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம்.

1972-இல் சக் ஈலி என்ற கறுப்பினக் குவார்ட்டர்பேக் ஹாமில்டனுக்குக் கிரே கோப்பை வாங்கித் தந்தார். கல்லூரியில் 35 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காதவர். ஆனாலும் அமெரிக்கத் தொழில்முறை அணி எதுவும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. வாரன் மூன் என்ற இன்னொரு கறுப்பினக் குவார்ட்டர்பேக்குக்கும் 1978-இல் அதே கதி. அவர் கனடாவின் எட்மன்டன் அணிக்குப் போய் 1978 முதல் 1982 வரை ஐந்து கோப்பைகளைத் தொடர்ந்து வென்றார். 1984-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் அணி அவரை அழைத்துக்கொண்டது, குவார்ட்டர்பேக்காகவே.