பழைய டிசையருக்கு விலை குறைந்த முன்பக்க ஸ்ட்ரட் போடலாமா?

2011 மாடல் மாருதி டிசையர் கார், 1,30,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, தினமும் வேலைக்கு எடுத்துப் போகும் வண்டி. பள்ளம் மேட்டில் அதிர்வைத் தாங்கும் முன்பக்க ஸ்ட்ரட் இரண்டும் போய்விட்டன, கம்பெனி சர்வீஸில் கேட்கும் தொகை கட்டுப்படியாகவில்லை, வெளியில் கிடைக்கும் மலிவானதைப் போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதும். ஆனால் எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது என்பதை நான் இரண்டு முறை கூலி கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று. நான் மெக்கானிக் இல்லை, பள்ளியில் கணக்கு ஆசிரியர். கம்பெனி பாகம்தான் போடுவேன் என்பவர்களோடு எனக்குச் சண்டையும் இல்லை. ஆனால் "இத்தனை வருட வண்டிக்கு எதற்குச் செலவு, தள்ளிவிடு" என்று சொல்பவர்களிடம் மட்டும் எனக்குப் பொறுமை கிடையாது. அடுத்த வண்டிக்கு அவர்களா மாதத் தவணை கட்டப் போகிறார்கள்?

என்னுடையதும் டிசையர்தான், 2010 மாடல், அப்பா வாங்கியது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குத் தினமும் போய்வருகிறேன். முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை முடிந்து அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்த நாளில்தான் முன் ஸ்ட்ரட் எவ்வளவு மோசமாகிவிட்டது என்பது எனக்கு உறைத்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் முன்பக்கத்திலிருந்து "டம்" என்று ஓர் அடி. கதவுக்கு மேலே உள்ள கைப்பிடியை அப்பா இரண்டு கையாலும் பற்றிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்ணாடியில் அந்தக் கைகளைத்தான் வழி முழுக்கப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாளே விலை குறைந்த ஒரு ஜோடியை வாங்கினேன். பெயர் வேண்டாம். ஸ்ட்ரட்டை மேலே வண்டியோடு பிடிக்கும் மவுண்டிங், அது திரும்ப உதவும் பேரிங், முழுக்க அமுங்கும்போது அடி தாங்கும் ஸ்டாப்பர் ரப்பர், புழுதி தடுக்கும் டஸ்ட் கவர் எல்லாம் பழையதே இருக்கட்டும் என்று பட்டறையில் சொன்னார்கள். மிச்சம்தானே என்று நானும் தலையாட்டினேன். நான்கே மாதத்தில் இடது பக்க ஸ்ட்ரட் முழுக்க எண்ணெய் வழிந்து, அதன் மேல் புழுதி களிமண் போல அப்பிக்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் "மலிவானதை வாங்கினால் இப்படித்தான்" என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

வேறொரு பட்டறையில் கழற்றினார்கள். அந்த மெக்கானிக் டஸ்ட் கவரை மேலே தள்ளிவிட்டு, ஸ்ட்ரட்டுக்குள் போய்வரும் ராடைத் துணியால் துடைத்து, என் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தார். பளபளவென்று கண்ணாடி போல இருக்க வேண்டிய குரோம் ராடின் நடுவில் வரிசையாகச் சின்னச் சின்ன வெட்டுகள், நகத்தில் தட்டின. மேல் நட்டை இறுக்கும்போது ராடும் கூடவே சுற்றும். அது சுற்றாமலிருக்க, முதலில் மாட்டியவர் ராடையே பிளையரால் கவ்விப் பிடித்திருக்கிறார். அந்தப் பல் தடங்கள் ஒவ்வொரு பள்ளத்திலும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலுக்குள் போய் வந்து அதை அறுத்துவிட்டன. எவ்வளவு விலை உயர்ந்த ஸ்ட்ரட்டாக இருந்தாலும் அதற்குத் தாங்காது. ராடின் நுனியில் பிடித்துக்கொள்வதற்கென்றே வெட்டு இருக்கிறது, அங்கேதான் பிடிக்க வேண்டும் என்று அவர் காட்டினார். பழைய ஸ்டாப்பர் ரப்பரும் பிஸ்கட் போல உதிர்ந்து கிடந்தது. மவுண்டிங் பேரிங் இறுகிப்போய், ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு சத்தம் போட்டதற்கும் அன்றுதான் காரணம் தெரிந்தது.

இரண்டாம் முறை கேப்ரியல் நிறுவனத்தின் ஸ்ட்ரட் போட்டேன். அவர்களுக்கு எங்கள் ஓசூரிலேயே தொழிற்சாலை இருக்கிறது. ஊர்ப் பாசத்தில் சொல்வதாக நினைக்க வேண்டாம், மன்ரோ கிடைத்தாலும் வாங்கியிருப்பேன். இம்முறை மவுண்டிங், பேரிங், ஸ்டாப்பர், டஸ்ட் கவர் அனைத்தும் புதிது. ஸ்பிரிங் உடையாமல், உயரம் குறையாமல் இருந்ததால் பழையதே போதும் என்றார்கள், அப்படியே விட்டேன். மூன்று வருடமாகிறது, ஸ்ட்ரட் உலர்ந்தே இருக்கிறது.

உங்கள் வண்டியில் பின்பக்கம் ஷாக் அப்சார்பர் தனி, ஸ்பிரிங் தனி. முன்பக்கம் அப்படியில்லை. ஸ்ட்ரட்தான் சக்கரத்தையே நிமிர்த்திப் பிடிக்கிறது, ஸ்டீயரிங்கோடு சேர்ந்து திரும்புகிறது. அதனால் ரீகண்டிஷன் செய்த ஸ்ட்ரட் பக்கம் மட்டும் போகாதீர்கள். பழையதில் துளை போட்டு, எண்ணெய் ஊற்றி, வெல்டிங் வைத்து, கறுப்பு பெயின்ட் அடித்துப் புதிது போல விற்பவர்கள் இருக்கிறார்கள். அடிப்பக்கம் வெல்டிங் தடம் இருக்கிறதா, பெயின்ட் தடிப்பாக இருக்கிறதா, ராடில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வாயு அடைத்த கேஸ் ஸ்ட்ரட் என்றால் ராடை அமுக்கி விட்டதும் அதுவாகவே மெல்ல எழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போய்விட்டது என்றாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், இல்லையென்றால் பிரேக் பிடிக்கும்போது இரண்டு பக்கமும் ஒன்றுபோல அமுங்காது. மாட்டியதும் சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அலைன்மென்ட் பார்க்காமல் விட்டால் டயர் தேய்ந்துவிடும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று சொன்னாலும் பரவாயில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஸ்ட்ரட்டுகளைக் கொல்வது பாதி இந்த வேகத்தடைகள்தான். சாலைகளுக்கான தர விதிகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1988 வழிகாட்டுதல்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில், 10 சென்டிமீட்டர் உயரத்தில், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் தாண்டும்படி வளைவாக இருக்க வேண்டும். எங்கள் தெருவில் இருப்பது ஒரு முழ அகலத்துக்குக் குவித்த தார். வெள்ளைக் கோடு இல்லை, பலகை இல்லை, இரவில் கண்ணுக்கே தெரியாது. பள்ளி வாசலில் வேகத்தடை வேண்டும், ஆசிரியரான நானே கேட்பேன். ஆனால் முதுகில் தையல் போட்ட மனிதர் ஆம்புலன்ஸில் வந்தாலும் அதன் மேல்தான் வர வேண்டும். இரண்டு முறை மனு எழுதிக் கொடுத்தேன், பதில் இல்லை.

பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடாதீர்கள். அரை நாள் விடுப்பு எடுத்துக் கூடவே இருங்கள். மேல் நட்டை இறுக்கும் நேரத்தில் மட்டும் பக்கத்தில் போய் நின்று, ராடை எதால் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். பிளையரைக் கையில் எடுத்தால் தயங்காமல் நிறுத்தச் சொல்லுங்கள்.