வளவில் மெல்லக் கேட்க 1,40,000 ரூபாய் வேண்டுமா?

கேள்வி: செட்டிநாட்டுப் பள்ளத்தூரில், பழைய வீட்டில் இருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 62. அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 12 லட்சம் போட்டு ஒண்ணேகால் வருடம் ஆகிறது, வட்டி 8.2 சதவீதம். ராத்திரி நானும் அவுகளும் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், உட்கார்ந்து படம் பார்ப்போம், பழைய பாட்டுக் கேட்போம். வசனம் புரியவில்லை என்று அவுக சத்தத்தைக் கூட்டினால், பக்கத்து அறையில் படுத்திருக்கும் மாமியார் விழித்துக்கொள்கிறார். மதுரைக் கடையில் 1,40,000 ரூபாய்க்கு ஹோம் தியேட்டர் சொன்னார்கள். 12 மாதம், வட்டியில்லாத் தவணையாம். தவணையில் எடுக்கவா, டெபாசிட்டை உடைக்கவா?

பதில்: ஆச்சி, ரெண்டும் வேண்டாம். அந்த ஹோம் தியேட்டரும் வேண்டாம்.

டெபாசிட்டை முதலில் பார்த்துவிடுவோம். அந்தத் திட்டத்தில் கொஞ்சம் மட்டும் எடுக்க வழியில்லை, கணக்கையே மூட வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல், இரண்டு வருடத்துக்குள் மூடினால் அசலில் 1.5 சதவீதம் பிடிப்பார்கள். உங்களுக்கு அது 18,000 ரூபாய்.

தவணைக்கு வட்டி உண்டு. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. 15 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், உங்கள் தவணைக்குள் சுமார் 10,700 ரூபாய் வட்டி அடங்கியிருக்கும். கடையோ கம்பெனியோ அந்த அளவை விலையில் தள்ளுபடியாகக் கழித்து, வட்டியே இல்லாததுபோல் காட்டும். ரொக்கம் கொடுப்பவர் பேரம் பேசிக் கேட்க வேண்டிய பணம் அது. கிரெடிட் கார்டுத் தவணையானால், அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 1,930 ரூபாய், உங்கள் கையிலிருந்துதான் போகும். நடைமுறைக் கட்டணம் தனி.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. கடைக்குப் போகும் முன் ஐயாவின் காதைச் சோதித்துப் பாருங்கள். வயதாகும்போது முதலில் மங்குவது மேல்சுருதி. ச, த, ப போன்ற மெய்யொலிகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. அதனால் சத்தம் காதில் விழும், சொல் பிடிபடாது. "கேட்குது, ஆனா என்ன சொல்றான்னு தெரியல" என்று அவுக சொல்கிறார்களா? அப்படியானால் எந்த ஸ்பீக்கரும் முழுத் தீர்வாகாது. அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். காது கேட்கும் கருவி வேண்டும் என்று சொன்னால் ஸ்பீக்கரைத் தள்ளிப்போட்டு, இந்தப் பணத்தை அதற்கே கொடுங்கள். மனுசர் பேசுவதும் அதில் கேட்குமே.

அடுத்தது உங்கள் வீடு. கண்ணாடித் தட்டின் மேல் வார்த்தெடுத்த ஆத்தங்குடித் தரைக்கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், பர்மா தேக்குத் தூண்: பார்க்க அத்தனை அழகு, ஆனால் ஒன்றுகூட ஒலியை உறிஞ்சாது. ஒரு சொல்லின் எதிரொலி அடங்கும் முன் அடுத்த சொல் வந்து விழுகிறது. அந்த வளவில் 1,40,000 ரூபாய்ச் சாமானும் குழப்பமாகத்தான் பேசும். டிவியை ஓர் உள்ளறைக்கு மாற்றுங்கள். தரையில் கனமான ஜமுக்காளம், ஒரு சுவரில் மடிப்பு மடிப்பாகப் பருத்தித் திரை, மூலையில் மெத்தை. இதற்கு 8,000 ரூபாய் ஒதுக்கினால் போதும். பெட்டகத்தில் பழைய ஜமுக்காளம் கிடந்தால் அதுவும் மிச்சம். எட்டடி தள்ளி உட்காருவதை நாலடியாக்கினால், ஒலியைக் கூட்டாமலே டிவியிலிருந்து காதுக்கு நேராக வரும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் கூடும்.

கடைக்காரர் சப்வூஃபரைத்தான், அதாவது கனத்த கீழ்ச்சுருதிச் சத்தத்துக்கான பெட்டியைத்தான், பெருமையாகக் காட்டியிருப்பார். சுவரையும் கதவையும் தாண்டிப் போவது அந்தக் கீழ்ச்சுருதிதான். உங்கள் மாமியாரை எழுப்பப் போவதும் அதுவே. உங்களுக்கு இரண்டு சின்ன ஸ்பீக்கர் போதும். ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருப்பதாக, டிவியின் ஒலியை ஒரே கம்பியில் ஸ்பீக்கருக்கு அனுப்பும் எச்டிஎம்ஐ ஏஆர்சி வழியாகச் சேர்வதாக, 32,000 ரூபாய்க்குள் வாங்குங்கள். இருவரும் நடுவில் உட்கார்ந்தால் வசனம் திரையிலிருந்தே வருவதுபோல் இருக்கும். மெல்ல வைத்துக் கேட்கையில் நம் காதுக்குக் கீழ்ச்சுருதி குறைந்து தெரியும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து எழுதினார்கள். அதை ஈடுகட்டும் 'லவுட்னஸ்' வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், பழைய பாட்டு சப்பென்று இருக்காது. டிவி அமைப்பில் 'நைட் மோட்' இருந்தால் இன்றைக்கே போட்டுப் பாருங்கள்: சண்டைச் சத்தத்தை அமுக்கி வசனத்தைத் தூக்கும், காசில்லாத உதவி. ஐயாவுக்கு மட்டும் 6,000 ரூபாய்க்குள் டிவிக்கென்றே வரும் கம்பியில்லா ஹெட்போன். சாதாரண ப்ளூடூத்தில் பல சமயம் உதடு முந்தும், குரல் பிந்தும்.

ஆக 46,000 ரூபாய். உங்கள் டெபாசிட் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 24,600 ரூபாய் வட்டி தருகிறது, இரண்டு முறைக்கு 49,200. பென்ஷனில் வீட்டுச் செலவு ஓடுகிறதென்றால் அசலைத் தொடாமல், கடன் இல்லாமல் முடிந்துவிடும். முதல் வட்டியில் காதுப் பரிசோதனை, அறை, ஹெட்போன். மிச்சத்தை எடுத்து வையுங்கள். அடுத்த வட்டி வந்ததும் ஸ்பீக்கர், ரொக்கமாக, தள்ளுபடி கேட்டு.

கடைக்கு ஐயாவையும் கூட்டிப் போங்கள். அவர்கள் அலறவிட்டுக் காட்டுவார்கள். ராத்திரி வீட்டில் வைக்கும் அளவுக்குக் குறைக்கச் சொல்லி, உங்களுக்கு மனப்பாடமில்லாத ஒரு படத்தின் வசனத்தைப் போடச் சொல்லுங்கள். ஐயா அதைத் திருப்பிச் சொன்னால் பணத்தை எடுங்கள்.