பிரிஸ்பேனில் ஐந்து மணிக்கே இருட்டு: உடம்பும் வீடும் பழகுவது எப்படி?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் லண்டன் ஹாரோவில் இருபது வருடம் இருந்துவிட்டு, இந்த ஜனவரியில் பிரிஸ்பேனுக்குக் குடிவந்தோம். ஊர் பிடித்திருக்கிறது. ஆனால் ஜூன் பிறந்ததிலிருந்து ஐந்து மணிக்கே சூரியன் போய்விடுகிறது. ஐந்தரைக்கு வேலை முடிந்து வெளியே வந்தால் முழு இருட்டு. வீட்டுக்கு வந்ததும் நாளே முடிந்துவிட்ட மாதிரி ஒரு சோர்வு. சாப்பிட்டுவிட்டு சோபாவில் உட்கார்ந்தால் எட்டு மணிக்குக் கண் சொருகுகிறது. பத்தரைக்குப் படுத்தால் தூக்கம் வருவதில்லை. லண்டனில் டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டும். அங்கே எனக்கு இப்படி இருந்ததில்லை. கோடை வந்தால் சரியாகிவிடும் என்கிறார் கணவர். அங்கே வாங்கிய, பகல் போலப் பிரகாசமாக எரியும் வெளிச்ச விளக்குப் பெட்டியைக் கையோடு கொண்டுவந்திருக்கிறோம், அதைப் போடலாமா? பிள்ளைகளுக்கு ஒன்பதும் ஆறும் வயது. அம்மா யாழ்ப்பாணத்தில் இருக்கிறா. – வாசகி, பிரிஸ்பேன்

பதில்: உங்கள் கணவர் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். அதை நம்பிக் காத்திருந்தால் நவம்பரில் இன்னும் ஏமாற்றமாக இருக்கும். பிரிஸ்பேனில் ஜனவரியில், அதாவது வருடத்திலேயே மிகப் பிந்தி மறையும் நாட்களில்கூட, சூரியன் மாலை 6.50-க்குள் மறைந்துவிடும். லண்டனில் ஜூன் மாதம் 9.20 வரை பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது மிகவும் சீக்கிரம். பிரிஸ்பேன் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் வழக்கம் கிடையாது. 1989 முதல் மூன்று கோடைகள் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டு, 1992 பிப்ரவரியில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். சுமார் 54.5 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அன்றிலிருந்து கடிகாரம் அப்படியேதான் இருக்கிறது. அக்டோபர் முதல் ஞாயிறன்று சிட்னியும் மெல்பர்னும் ஒரு மணி நேரம் முன்னே போகும், நீங்கள் போகமாட்டீர்கள்.

அப்படியானால் வெளிச்சம் எங்கே போனது? காலையில் இருக்கிறது. பிரிஸ்பேனின் மிகக் குறுகிய நாளிலும் சுமார் பத்து மணி இருபத்தைந்து நிமிடம் பகல் உண்டு. லண்டனின் மிகக் குறுகிய நாளில் எட்டு மணி நேரம்கூடத் தேறாது. ஆக குளிர்காலத்தில் உங்களுக்கு இரண்டரை மணி நேரம் கூடுதலாகவே கிடைத்திருக்கிறது. ஆனால் இங்கே கடிகாரம் 150 பாகை தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. பிரிஸ்பேன் நகரமோ 153 பாகையில், கிழக்கே தள்ளி இருக்கிறது. அதனால் சூரியன் கடிகாரத்தைவிடப் பன்னிரண்டு நிமிடம் முந்துகிறது. சீக்கிரம் உதித்து, சீக்கிரம் மறைகிறது. இதே கணக்கில் டிசம்பர் தொடக்கத்தில் விடியற்காலை 4.45-க்கே சூரியன் வந்து நிற்கும். அந்தத் தொல்லைக்குக் கடைசியில் வருகிறேன்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். இங்கே சூரியன் மறைந்ததும் சட்டென்று இருட்டுகிறது. லண்டனில் சூரியன் சாய்வாக இறங்குவதால், ஜூன் மாதத்தில் மறைந்த பிறகும் முக்கால் மணி நேரம் வெளிச்சம் மிச்சமிருக்கும். பூமத்திய ரேகைக்கு நெருங்க நெருங்க அது செங்குத்தாக இறங்கும். பிரிஸ்பேனில் அந்தி வெளிச்சம் ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம்தான். ஐந்தரைக்கு நீங்கள் வெளியே வரும்போது அதுவும் முடிந்திருக்கும்.

லண்டனில் ஏன் இப்படி இருந்ததில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தின் முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன். அங்கே இருட்டும் குளிரும் சேர்ந்து வந்தன. அக்டோபர் கடைசியில் கடிகாரம் மாறும்போதே ஊர் முழுக்க உள்ளே ஒதுங்கத் தயாராகிவிடும். ஹீட்டிங், தடித்த திரை, தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று அந்த இருட்டுக்கு ஒரு ஏற்பாடு இருந்தது. யாரும் மாலையில் எதையும் எதிர்பார்க்கவில்லை. இங்கே மதியம் இருபது பாகைக்கு மேல் வெயில், சட்டைக் கையை மடித்துவிட்டு வெளியே உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள். இந்த வெப்பத்துக்கு நீண்ட மாலை ஒன்று உண்டு என்று இருபது வருடமாக உங்கள் உடம்பும் மனமும் பழகியிருக்கின்றன. அது கிடைக்காதபோது எதையோ பறிகொடுத்தது போல இருக்கிறது. இது நோய் இல்லை, எதிர்பார்ப்பு. புது இடத்தில் எதிர்பார்ப்பு மாறுவதற்குச் சில மாதங்கள் பிடிக்கும்.

யாழ்ப்பாணத்தை நினைத்துப் பாருங்கள். அங்கேயும் வருடம் முழுக்க ஆறு, ஆறரை வாக்கில் பொழுது சாய்ந்துவிடும். அதைக் குறையாக யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் அங்கே நாள் விடியற்காலையிலேயே தொடங்கிவிடுகிறது. கோவில், சந்தை, முற்றம் பெருக்குவது எல்லாமே வெயில் ஏறுவதற்கு முன்னால் நடந்துவிடும். பிரிஸ்பேனும் அப்படிப்பட்ட ஊர்தான். அதிகாலையிலேயே காப்பிக் கடைகள் திறந்திருக்கும், ஆற்றங்கரையில் ஓடுகிறவர்களைப் பார்க்கலாம். சனிக்கிழமைகளில் பூங்காவில் எல்லாரும் கூடி ஓடும் பார்க்ரன் ஓட்டத்தை இங்கே காலை ஏழு மணிக்கே தொடங்கிவிடுகிறார்கள். இந்த ஊர்க்காரர்கள் மாலையை நம்பி வாழ்வதில்லை. நீங்களும் காலைக்கு மாறிக்கொள்ளுங்கள் என்பதுதான் என் ஆலோசனை.

அதை எப்படிச் செய்வது? மூளைக்குள் இருக்கும் உடல் கடிகாரம் பெரும்பாலானவர்களுக்கு 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது. கண் வழியாகப் போகும் காலை வெளிச்சம் அதை தினமும் முன்னே இழுத்துச் சரிசெய்கிறது. இரவு வெளிச்சம் அதைப் பின்னே தள்ளுகிறது. உங்கள் வாரநாளைப் பார்த்தால், காரில் ஏறி, அலுவலகத்துக்குள் நுழைந்து, இருட்டில் வெளியே வருகிறீர்கள். வெளியில் மேகமூட்டமாக இருந்தாலே பல ஆயிரம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும், நல்ல வெயிலில் ஒரு லட்சம் வரை போகும். அலுவலக அறையில் பெரும்பாலும் ஐந்நூறைத் தாண்டாது. ஆக சூரியன் கொட்டும் ஊரில் இருந்துகொண்டு நீங்கள் நாள் முழுக்க மங்கலில் இருக்கிறீர்கள். சோர்வுக்கு இதுவும் பெரிய காரணம்.

ஆகவே காலை ஆறுக்கு எழுந்து ஆறரைக்கு வெளியே இறங்குங்கள். ஜூன் கடைசியில் சூரிய உதயம் 6.40-ஐ ஒட்டி இருக்கும். நீங்கள் நடக்க நடக்க வெளிச்சம் ஏறும். அரை மணி நேரம் போதும். பிள்ளைகளையும் அழைத்துப் போகலாம், நாயிருந்தால் அதையும். குளிர் பத்து பாகை வாக்கில் இருக்கும், ஹாரோவில் இருந்தவர்களுக்கு அது பெரிய குளிரே இல்லை. உடல் கடிகாரத்துக்கு வேண்டியது கண்ணில் படும் வெளிச்சம்தான், தோலில் படும் வெயில் இல்லை. அதனால் தொப்பி போட்டுக்கொண்டாலும் பலன் பெரிதாகக் குறையாது. சூரியனை நேராகப் பார்க்கவும் கூடாது. மதிய உணவை வெளியே மர நிழலில் சாப்பிடுங்கள். குளிர்காலம்தானே என்று சன்ஸ்கிரீனை விட்டுவிடாதீர்கள்: பிரிஸ்பேனில் ஜூனிலும் நண்பகல் புற ஊதாக் குறியீடு 3-ஐத் தாண்டும், அந்த அளவிலிருந்து பாதுகாப்பு தேவை என்பதுதான் இங்குள்ள விதி. கறுத்த தோலுக்கும் கண்ணுக்கும் அது பொருந்தும்.

முடிந்தால் வேலை நேரத்தையும் முன்னே இழுங்கள். ஏழரைக்குத் தொடங்கி நான்கு மணிக்கு முடிப்பது இந்த ஊரில் விசித்திரமான கோரிக்கை இல்லை. பள்ளி வயதுப் பிள்ளை உள்ள பெற்றோர், ஒரே வேலையில் பன்னிரண்டு மாதம் முடித்திருந்தால், நேரத்தை மாற்றித் தரும்படி கேட்கும் உரிமை ஆஸ்திரேலியச் சட்டத்தில் உண்டு. உங்களுக்கு இன்னும் வருடம் முடியவில்லை, ஆனால் வாய்விட்டுக் கேட்பதற்குத் தடை இல்லை. வாரத்தில் இரண்டு நாள் நான்கு மணிக்கு வெளியே வந்தாலே ஒரு மணி நேரப் பகல் கையில் இருக்கும். அந்த நாட்களில் பிள்ளைகளோடு நேராகப் பூங்காவுக்குப் போய்விடுங்கள். பள்ளி மூன்று மணி வாக்கில் விட்டுவிடுவதால், விளையாட்டு முதலில், வீட்டுப்பாடம் இருட்டிய பிறகு என்று வரிசையை மாற்றுவது எல்லா நாளும் நல்லது.

இப்போது வீட்டைப் பற்றி. நீங்கள் இருப்பது பழைய குயின்ஸ்லாந்து மர வீடு என்றால், அது வெயிலை வெளியே நிறுத்துவதற்கென்றே கட்டப்பட்டது. அகலமான வராந்தா, அதன்மேல் தாழ இறங்கும் கூரை, நிழலான உள்ளறைகள். ஜனவரியில் அருமை. ஜூனில் மதியம் மூன்றுக்கே உள்ளே மங்கிவிடும். லண்டனில் தெற்குப் பார்த்த அறையில்தான் வெயில் வரும். இங்கே வடக்குப் பார்த்த அறையில். இந்த ஒன்றை மறந்து, சாப்பாட்டு மேசையைத் தெற்குப் பக்கம் போட்டுவிட்டு அவதிப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வார இறுதியில் நீங்கள் அதிக நேரம் உட்காரும் இடத்தை வடக்கு ஜன்னலுக்கு மாற்றுங்கள்.

இருட்டும்வரை காத்திராமல் நாலரைக்கே விளக்கைப் போட்டுவிடுங்கள். வேலைக்குப் போன நாட்களில், பிள்ளைகளோடு யார் இருக்கிறார்களோ அவர்கள் போடட்டும். சமையலறையிலும் கூடத்திலும் நல்ல வெள்ளை வெளிச்சம், எட்டு மணி வரை. எட்டுக்கு மேல் மங்கலான மஞ்சள் விளக்குக்கு மாறுங்கள். பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது: ஆறு மணிக்கு ஒரு மூலை விளக்கை மட்டும் ஏற்றி உடம்பைத் தூங்க அழைக்கிறோம், பத்து மணிக்குக் குளியலறையின் வெள்ளை விளக்கிலும் கைப்பேசியிலும் அதை எழுப்பிவிடுகிறோம்.

சோபாத் தூக்கம்தான் உங்கள் இரவைக் கெடுக்கிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தூக்கத்துக்கான தேவை சேர்ந்துகொண்டே வருகிறது. எட்டு மணிக்கு அரை மணி நேரம் கண்ணயர்ந்தால் அதில் ஒரு பங்கு செலவாகிவிடும், பத்தரைக்குத் தூங்கப் போதுமானது மிஞ்சாது. சாப்பிட்டதும் சோபாவில் உட்காரவே வேண்டாம். பாத்திரம் கழுவுங்கள், நாளைக்கு மதியச் சாப்பாட்டைக் கட்டுங்கள், விளக்குள்ள நடைபாதையில் பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். இருட்டிவிட்டது என்பதற்காக வெளியே போகக் கூடாது என்றில்லை, சவுத் பேங்க் ஆற்றங்கரைப் பூங்கா பக்கம் இரவிலும் குடும்பங்கள் நடமாடும். அம்மாவோடு பேசவும் இது நல்ல நேரம்: உங்களுக்கு மாலை ஆறு என்றால் யாழ்ப்பாணத்தில் மதியம் ஒன்றரை, லண்டனில் ஜூனில் காலை ஒன்பது. வந்து ஆறு மாதத்தில் மாலை வெறுமையாகத் தெரிவதற்கு இருட்டு மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. அங்கே விட்டுவந்த மனிதர்களும் காரணம். தொலைபேசியை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்ச விளக்குப் பெட்டிக்கு வருவோம். காலையில் இங்கே அது தேவையில்லை. வாசலைத் திறந்தால் அதைவிடப் பெரிய வெளிச்சம் இலவசமாகக் கிடைக்கிறது. மாலை ஐந்தரை முதல் ஆறரை வரை, சமைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எட்டு மணிக்குக் கண் சொருகுவது அதில் குறையக்கூடும். எட்டுக்கு மேல் போட வேண்டாம். விழித்திரைக் கோளாறு உள்ளவர்களும், இருதுருவ மனநிலைக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. தூக்கத்துக்கான மெலடோனின் மாத்திரை உங்கள் வயதில் இங்கே மருத்துவரின் சீட்டு இல்லாமல் கிடைக்காது. உங்களுக்கு அது இப்போது வேண்டியதும் இல்லை.

சாலையில் கவனம். நாலரை மணிக்கு மேற்கே ஓட்டினால் சூரியன் கண்ணில் அடிக்கும். கறுப்புக் கண்ணாடி காரிலேயே இருக்கட்டும், முன்கண்ணாடியை உள்பக்கமும் துடைத்து வையுங்கள். தெற்கு மக்லீன் செல்வ விநாயகர் கோவிலுக்கோ, நகருக்கு வெளியே வேறெங்கோ போய்விட்டு அந்தியில் திரும்பினால் கங்காரு குறுக்கே பாயும் நேரம் அது. வேகத்தைக் குறையுங்கள், பாய்ந்தாலும் ஸ்டியரிங்கைத் திருப்பாமல் பிரேக்கை மட்டும் அழுத்துங்கள்.

இவ்வளவும் செய்தபின், மூன்று நான்கு வாரத்தில் மாற்றம் தெரிய வேண்டும். சூரியனும் உதவிக்கு வருகிறது. மிகச் சீக்கிரமான மறைவு ஜூன் இரண்டாம் வாரத்தோடு முடிந்துவிட்டது; ஜூலை கடைசியில் 5.20, செப்டம்பர் கடைசியில் 5.45 ஆகிவிடும். அதற்கு மாறாக, இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் மனம் கனத்தே இருந்தால், பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லாமல் போனால், அழுகை வந்தால், வெளிச்சத்தை மட்டும் நம்பியிருக்காதீர்கள். குடும்ப மருத்துவரிடம் போய் மனநலச் சிகிச்சைத் திட்டம் கேளுங்கள். அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் அட்டை இருந்தால் வருடத்துக்குப் பத்து அமர்வுகள் வரை கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். தாங்க முடியாத இரவு என்றால் லைஃப்லைன் உதவித் தொலைபேசி 13 11 14, எந்த நேரமும்.

டிசம்பருக்கு இப்போதே தயாராகுங்கள். நாலே முக்காலுக்குச் சூரியன் வந்தால் பிள்ளைகள் ஐந்துக்கு எழுந்துவிடுவார்கள், பறவைச் சத்தமும் சேர்ந்துகொள்ளும். வெளிச்சம் புகாத திரையைச் செப்டம்பரிலேயே வாங்கி, முதலில் ஆறு வயதுப் பிள்ளையின் அறையில் மாட்டுங்கள். கிழக்கு ஜன்னல் என்றால் திரை சட்டத்தைவிட இருபுறமும் ஒரு சாண் அகலமாக இருக்கட்டும், ஓர இடுக்கில் நுழையும் வெளிச்சமே பிள்ளையை எழுப்பப் போதும். காலை நடையை அப்போது ஐந்தரைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஏழரைக்குள் வெயில் சுடத் தொடங்கிவிடும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மட்டும் கூடு கட்டிய மேக்பை பறவைகள் தலையில் கொத்த வரும், அந்த மரம் இருக்கும் தெருவைத் தவிர்த்து வேறு வழியில் நடங்கள்.