ரூட்டாக நுழைந்தும் அனுமதி இல்லையா? கேள்வி-பதில்

கேள்வி: என் யூனிக்ஸ் வகைக் கணினியில் நான்தான் ரூட் (முழு அதிகாரம் உள்ள நிர்வாகிக் கணக்கு). ஆனாலும் சர்வரிலிருந்து மவுன்ட் ஆகும் (நெட்வொர்க் வழி இணையும்) ஒரு பயனரின் ஹோம் டைரக்டரிக்குள் போனால் "பெர்மிஷன் டினைட்" வருகிறது. உள்ளூர் டிஸ்கில் சிக்கல் இல்லை.

பதில்: ரூட் அதிகாரம் உங்கள் கணினியோடு சரி. யூஐடி (பயனர் எண்) 0, அதாவது ரூட், என்று வரும் கோரிக்கையை என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழி கோப்புகளைப் பகிரும் முறை) சர்வர் நம்பாது. நோபடி என்ற, தனி உரிமை ஏதும் இல்லாத கணக்காக மாற்றிவிடும். இதைத்தான் ரூட் ஸ்குவாஷ் என்கிறோம். லினக்ஸில் நோபடியின் எண் 65534, சோலாரிஸில் 60001. டைரக்டரியின் அனுமதி 700 (உரிமையாளருக்கு மட்டும்) என்றால் நோபடிக்கு உள்ளே இடமில்லை. சந்தேகமா? எல்லோரும் எழுதக்கூடிய ஒரு என்எஃப்எஸ் டைரக்டரியில் ரூட்டாகவே ஒரு கோப்பை உருவாக்கி 'எல்எஸ் -எல்என்' கொடுங்கள். உரிமையாளர் எண் 0 இல்லாவிட்டால் காரணம் இதுதான்.

'எஸ்யூ - பயனர்பெயர்' கொடுத்து அந்தப் பயனராகவே மாறிவிட்டால் வேலை முடிந்தது. ரூட்டிடம் கடவுச்சொல் கேட்காது. (மவுன்ட் கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை வழி என்றால் இது போதாது, அந்தப் பயனரின் டிக்கெட்டும், அதாவது அடையாளச் சான்றும், வேண்டும்.) சர்வரில் 'நோ_ரூட்_ஸ்குவாஷ்' (ரூட் ஸ்குவாஷை நிறுத்தும் அமைப்பு) போடச் சொல்லிப் பலர் அறிவுரை தருவார்கள். போட்டால், அந்தக் கணினியில் ரூட் ஆனவர் சர்வர் டிஸ்கில் செட்யூஐடி நிரலை (யார் இயக்கினாலும் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடுவது) வைத்துவிட்டு வேறு இடத்தில் இயக்கலாம். பேக்கப் எடுக்கும் கணினிக்கு மட்டும், அதன் பெயரைக் குறிப்பிட்டுக் கொடுங்கள். பிறகு 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ' கொடுத்து மாற்றத்தை நடைமுறைப்படுத்துங்கள்.

கேள்வி: 'எஸ்யூ -' செய்தபின் கிராஃபிக்ஸ் நிரல் எதுவும் திறப்பதில்லை.

பதில்: அந்தக் கோடு (-), எந்தத் திரை என்று சொல்லும் டிஸ்ப்ளே மாறியை அழித்துவிடுகிறது. அதைத் திரும்ப அமைத்தாலும், திரைக்கான குக்கி (அனுமதிச் சாவி) உங்கள் ஹோமில் '.எக்ஸ்அத்தாரிட்டி' கோப்பில் இருக்கிறது. ஹோம் என்எஃப்எஸ்ஸில் இருந்தால் ரூட்டால் அதைப் படிக்க முடியாது. முதல் கேள்வியின் சிக்கலேதான். பயனராக இருக்கும்போதே 'எக்ஸ்ஆத் எக்ஸ்ட்ராக்ட் /டெம்ப்/குக்கி $டிஸ்ப்ளே' கொடுங்கள். ரூட்டாக மாறி டிஸ்ப்ளேயை அமைத்து, 'எக்ஸ்ஆத் மெர்ஜ் /டெம்ப்/குக்கி' கொடுத்துவிட்டு அந்தக் கோப்பை அழியுங்கள். 'எக்ஸ்ஹோஸ்ட் +' வேண்டவே வேண்டாம், யார் வேண்டுமானாலும் உங்கள் திரையோடு இணையலாம் என்று ஆகிவிடும்.

கேள்வி: கடவுச்சொல் சரிதான், ஆனால் எஸ்யூ "சாரி" என்கிறது.

பதில்: பிஎஸ்டி வகையா? 'வீல்' குழுவில் இல்லாதவரை எஸ்யூ ரூட்டாக்காது. நிர்வாகியின் பெயரை உள்ளூர் குரூப் கோப்பிலேயே சேருங்கள். என்ஐஎஸ்ஸை (பயனர், குழுப் பட்டியல்களை நெட்வொர்க் வழி தரும் சேவை) மட்டும் நம்பினால், அது விழும் நாளில்தான் உங்களுக்கு ரூட் தேவைப்படும்.

கேள்வி: சூடோ (ரூட் அதிகாரத்தில் கட்டளையை இயக்கும் நிரல்), "எஃபெக்டிவ் யூஐடி இஸ் நாட் 0" என்று நிற்கிறது.

பதில்: பெரும்பாலும் யாரோ '/யூஎஸ்ஆர்' மீது 'சிஎச்ஓன் -ஆர்' ஓட்டியிருப்பார்கள். உரிமையாளரை மாற்றினால் செட்யூஐடி பிட் போய்விடும். ஆகவே முதலில் உரிமையாளரை ரூட் ஆக்குங்கள், அதன் பிறகு சூடோ கோப்புக்கு 'சிஎச்மாட் 4755'. வரிசை மாறினால் பிட் மறுபடி போகும். அனுமதி ஏற்கெனவே சரியாக இருந்தால், 'மவுன்ட்' கட்டளையின் பட்டியலில் அந்தப் பகுதிக்கு 'நோசூயிட்' (செட்யூஐடியை மதிக்காதே என்ற அமைப்பு) இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: சர்வர் விழுந்ததும் ரூட்டாகவே நுழைய முடியவில்லை.

பதில்: ரூட்டின் ஷெல் (கட்டளைகளை ஏற்கும் நிரல்) நெட்வொர்க் வழி மவுன்ட் ஆகும் '/யூஎஸ்ஆர்/லோக்கல்' போன்ற இடத்தில் இருக்கும். லினக்ஸ் என்றால் பூட் வரியில் 'இனிட்=/பின்/எஸ்எச்' சேர்த்து எழுப்பி, 'மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ /' கொடுத்து, பாஸ்வேர்ட் கோப்பில் ரூட் வரியின் கடைசிப் புலத்தை '/பின்/எஸ்எச்' ஆக்குங்கள்.