உப்பு நீர் பால்போலக் கலங்குவது ஏன்?

பவளத் தொட்டிக்காகக் கலக்கிய 20 லிட்டர் உப்பு நீர் பால்போலக் கலங்கிவிட்டது என்று கேட்டிருந்தீர்கள். வாளியில் தொட்டிக்கான கடல் உப்புக் கலவையைக் கொட்டிவிட்டு அதன்மேல் ஆர்ஓ (சவ்வு வழியே வடிகட்டிய) தண்ணீரை ஊற்றியதாகச் சொல்கிறீர்கள். கோளாறு அங்கேதான். முதலில் விழுகிற கொஞ்சத் தண்ணீரில் உப்பு எக்கச்சக்கமாக ஏறி, கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து சுண்ணாம்பாகப் படிந்துவிடும். வாளியின் அடியை விரலால் தடவிப் பாருங்கள், நறநறவென்று வெள்ளைப் பொடி ஒட்டும். அது மறுபடி லேசில் கரையாது. வெறும் மீன் தொட்டி என்றால் ஓட்டிவிடலாம். பவளம் வைத்திருப்பதால் அந்த 20 லிட்டரைக் கீழே ஊற்றிவிடுங்கள்.

அடுத்த முறை தண்ணீரை முதலில் நிரப்பி, சின்ன பம்பை ஓடவிட்டு, உப்பைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவுங்கள். 700 கிராமில் நிறுத்தி, கரைந்ததும் அளந்து பார்த்து மீதியைச் சேருங்கள். 35 பிபிடி, அதாவது ஆயிரத்தில் 35 பங்கு உப்பு, வர வேண்டும். ஹீட்டரை அப்புறம் போடலாம். சூட்டில் சுண்ணாம்பு இன்னும் சீக்கிரம் படியும்.

உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை ஆர்ஓ நீரில் பூஜ்யம் வைத்தால் மட்டும் போதாது, 35 பிபிடி கரைசலிலும் சரிபாருங்கள். நானே ஒரு வருஷம் 32-ஐ 35 என்று நம்பிக்கொண்டிருந்தேன்!

சரி, அது சமையலறை ஆர்ஓவா? பலவற்றில் சுவைக்காகக் குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகு ஒன்று இருக்கும். நீரில் கரைந்திருப்பவற்றை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 50 காட்டினால் பாசி தேடி வரும். மிச்ச உப்புகளையும் பிடித்துவிடும் டிஐ வடிகட்டி சேர்த்து 0 வரவழையுங்கள்.