மும்பை வெயிலுக்கு மோரா, கோக்கமா?

கேள்வி: என் கணவர் தினமும் டோம்பிவிலியிலிருந்து வி.டி. (இப்போதைய சி.எஸ்.எம்.டி.) ஸ்டேஷன் வரை லோக்கல் ரயிலில் போய் வருகிறார். காலையில் நீர்மோர் கொடுத்தனுப்பினால் மதியத்துக்குள் புளித்துப் போகிறது; மூடியைத் திறந்தாலே பொங்குகிறதாம். வேறு என்ன கொடுக்கலாம், மாமி? – வாசகி, டோம்பிவிலி

பதில்: மோரைப் பாட்டிலில் அடைத்தாலும் சூட்டில் அது புளித்துக்கொண்டேதான் இருக்கும். புளிக்கப் புளிக்க வாயு சேரும், அதுதான் பொங்குகிறது. மோரை அவர் வீடு திரும்பியதும் கொடுங்கள். ரயிலுக்குக் கோக்கம் சர்பத் கொடுத்தனுப்புங்கள்; கோக்கம் என்பது ஒரு புளிப்புப் பழம், அதன் காய்ந்த தோலை ஊறவைத்துச் செய்வது.

1983-ல் கல்யாணமாகி மாட்டுங்காவுக்கு வந்தேன். முதல் மே மாதமே வியர்வையில் நனைந்து, மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கீழ் வீட்டு மராத்தி ஆஜி (பாட்டி) என்னைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போனார். கறுத்துச் சுருங்கிய நாலைந்து தோல்களை வெந்நீரில் போட்டு என் கண்ணெதிரிலேயே விரலால் பிசைந்தார். தோல் விரிந்து, தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்து, கடைசியில் நாவல்பழச் சாறு மாதிரி ஆயிற்று. உப்பும் சர்க்கரையும் வறுத்த சீரகப் பொடியும் போட்டுக் கொடுத்தார். புளிப்பு நாக்கில் பட்டதும் வாயெல்லாம் நீர் ஊறியது. அன்றிலிருந்து கோடை வந்தால் என் வீட்டில் கோக்கம் இல்லாத நாள் இல்லை.

ரத்னகிரி, சிந்துதுர்க் பக்கம் விளையும் பழம் இது. கோடையில் பழுக்கும்போது தோலை உரித்து, அதன் சாற்றிலேயே தோய்த்துத் தோய்த்து வெயிலில் காய வைப்பார்கள். மராத்திக்காரர்கள் இதை ஆம்சூல் என்பார்கள். கடையில் அப்படியே கேளுங்கள். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே உள்ள தென்னிந்தியக் கடைகளில் குடம்புளியும் கிடைக்கும். அதுவும் கறுப்புதான், ஆனால் புகை வாசனை அடிக்கும். அது மீன் குழம்புக்கு, சர்பத்துக்கு ஆகாது.

இரவே பத்துப் பன்னிரண்டு தோலை இரண்டு டம்ளர் வெந்நீரில் ஊறப் போடுங்கள். காலையில் நன்றாகப் பிசைந்து வடிகட்டி, நாலு ஸ்பூன் சர்க்கரை, கால் ஸ்பூன் உப்பு, அரை ஸ்பூன் சீரகப் பொடி சேர்த்து, ஒரு லிட்டர் வரும்வரை தண்ணீர் விடுங்கள். எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரம் போதும். புளிப்பானது என்பதால் பித்தளையும் அலுமினியமும் வேண்டாம். சாயங்காலம் வரைக்கும் ருசி மாறாது.

கேள்வி: கோக்கம் என்று எழுதிய பாட்டில் ஒன்று வாங்கினேன். தண்ணீரும் சர்க்கரையும் கலந்தால் கடல் தண்ணீர் மாதிரி உப்புக் கரிக்கிறது. கெட்டுப் போன சரக்கா? – வாசகி, செம்பூர்

பதில்: சரக்கு நல்லதுதான். நீங்கள் வாங்கியது ஆகள், அதாவது உப்புப் போட்டு வைத்த கோக்கம் சாறு. சர்க்கரைப் பாகில் போட்ட சர்பத் சாறு தனியாகக் கிடைக்கும். இதைக் கொட்டிவிடாதீர்கள். தேங்காய்ப்பாலில் இரண்டு ஸ்பூன் விட்டு, ஒரு பல் பூண்டும் பச்சை மிளகாயும் தட்டிப் போட்டால் சோல்கடி என்கிற கொங்கணிப் பானம் தயார். அடுப்பில் ஏற்ற வேண்டாம், பால் திரிந்துவிடும். தனியாக உப்பும் வேண்டாம்.

கேள்வி: கும்பார்வாடாவில் பானை வாங்கினேன். எங்கள் ஊர் கோவில்பட்டியில் பானைத் தண்ணீர் பல் கூசும். இங்கே சும்மா ஏதோ குளிர்கிறது. ஏமாற்றிவிட்டார்களா அம்மா? – வாசகர், தாராவி

பதில்: குயவரைக் குறை சொல்லாதீர்கள், தம்பி. பானையின் நுண்துளை வழியாகக் கசியும் நீர் ஆவியாகப் போகும்போது உள்ளே இருக்கிற சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். கோவில்பட்டிக் காற்று வறண்டது, அந்த ஈரத்தை உறிஞ்சிவிடும். மும்பைக் காற்றிலோ ஏற்கெனவே கடலின் ஈரம் நிறைந்திருக்கிறது. பானையை ஜன்னலோரம், காற்று ஊடாடும் இடத்தில் ஸ்டாண்டு போட்டு வையுங்கள். மேலே ஈரத்துணி சுற்றுங்கள். சோப்புப் போட்டு மட்டும் கழுவாதீர்கள், துளை அடைபடும்.

நம் உடம்புக்கும் இதே கதைதான். டெல்லியில் 44 டிகிரி அடித்தாலும் வியர்வை சட்டென்று உலர்ந்து உடம்பு குளிரும். இங்கே 34 டிகிரியிலேயே வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கிறது. நீரோடு உப்பும் போகிறது, உடம்போ குளிர்வதில்லை. இந்த ஊரில் வெறும் ஐஸ் தண்ணீரை நம்ப வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். குடிக்கிற எலுமிச்சை ஜூஸோ, மாங்காய்ப் பன்னாவோ, எதுவானாலும் ஒரு சிட்டிகை உப்பு இருக்கட்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ராமநவமிக்குப் பானகம் செய்தால் என் மாமியார் இரண்டு டம்ளர் குடிக்கிறார். சர்க்கரை நோய் உண்டு. வெல்லம்தானே, பரவாயில்லையா? – வாசகி, முலுண்ட்

பதில்: பரவாயில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெல்லமும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். பிரசாதமாக ஒரு ஸ்பூன் கொடுங்கள். குடிப்பதற்கு இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் போட்ட நீர்மோர் கொடுங்கள். ஒரு கப் தயிருக்கு நாலு கப் தண்ணீர்.

கேள்வி: என் மகன் பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். மதியம் இரண்டு மணிக்குத் தலைவலியோடு வந்து படுத்துவிடுகிறான். பயமாக இருக்கிறது. – ஒரு தாய், சயான்

பதில்: பயப்படுவது நியாயம்தான், அம்மா. அவன் தாகம் எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு டெலிவரிக்கும் நடுவே நாலு வாய் குடிக்கட்டும். பையில் ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கட்டும். அது இல்லாத நாளில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆற வைத்த தண்ணீரில் தலை தட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பை இதற்கு மேல் போடாதீர்கள். தலைவலி தினமும் தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம், பேச்சுக் குழறினாலோ மயங்கினாலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நிழலில் படுக்க வைத்து, சட்டையைத் தளர்த்தி, உடம்பு முழுக்க நனைத்து விசிறிக்கொண்டே 108-க்குப் போன் போடுங்கள். இந்தப் பதிலை அவனையும் ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். அவனோடு வண்டி ஓட்டுகிற பையன்களுக்கும் சொல்லட்டும்.